கடலோடிகளின் ஏடும் ஊராரின் உரிமையும்

சென்னைப் பட்டணத்துப் பாமர ஜனங்கள் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு நெடுங்காலம் ஒரு பெயர் வழங்கி வந்தார்கள். மிருகங்கள் உயிரோடு உலாவிய தோட்டம் அவர்களுக்கு 'உயிர்க் காலேஜ்'. பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் நிற்கும் இடம் 'செத்த காலேஜ்'. படித்தவர்கள் இதைக் கேட்டு நகைத்ததுண்டு. நாம் நகைக்க மாட்டோம். அப்பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜனங்கள் அந்த இடத்தை வேடிக்கைக் கொட்டகை என்று சொல்லவில்லை. காலேஜ் என்றே சொன்னார்கள். அங்கே கற்க வேண்டியது ஏதோ உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்கள். அது செத்துக் கிடக்கிறதே என்பதுதான் அவர்களுடைய குறை.

ஒரு பொருட்காட்சிசாலை எப்போது சாகிறது? அதற்கு இரண்டு வாசல்கள் வேண்டும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்க வருகிறவனுக்கு ஒரு வாசல். பழைய ஏட்டைப் புரட்டி உண்மையைத் தேட வருகிறவனுக்கு ஒரு வாசல். முன்னதை அடைத்தால் அது பண்டிதர்களின் பூட்டிய பெட்டியாகிறது. பின்னதை அடைத்தால் கண்ணாடிக் கடையாகிறது. இரண்டும் திறந்திருக்கும் வரையில் அதற்கு உயிர் உண்டு. இந்த உண்மையை ஒரு சிறு கடற்கரை ஊரின் சரித்திரத்தைக் கொண்டு நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஊரின் பெயர் ஸேலம். நமது சேலம் ஜில்லாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தின் கடற்கரையில் உள்ளது அந்த ஊர். சாந்தி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லினின்று அதன் பெயர் வந்தது. இங்கிலாந்தின் ஆட்சியை உதறித் தள்ளிய அமெரிக்கருக்கு, 1783-க்குப் பின் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் துறைமுகங்கள் அடைபட்டன. பழைய வியாபாரம் போயிற்று. ஸேலம் வணிகர்கள் சோர்ந்து உட்காரவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கீழ்த்திசைக்குக் கப்பல் விட்டார்கள். சுமத்திராவின் மிளகும், வங்காளத்துத் துணியும், சீனத்துத் தேயிலையும் அச்சிறு ஊரின் பண்டகசாலைகளை நிரப்பின. செல்வம் கொழிக்கும் கீழ்த்திசையின் கடைசித் துறை வரையில் செல்வோம் என்னும் கருத்தமைந்த லத்தீன் வாசகத்தைப் பிற்காலத்தில் தங்கள் நகர முத்திரையிலேயே பொறித்துக்கொண்டார்கள். சுதந்திரம் கிடைத்த மறுநாளே தொல்லைகள் ஒழிந்துவிடும் என்று எண்ணாமல், அதன் விலையைத் தங்கள் உழைப்பினால் கொடுத்த ஜனங்கள் அவர்கள்.

மாலுமிகள் வகுத்த சட்டம்

1799-ஆம் ஆண்டில் அவ்வூர்க் கப்பல் தலைவர்கள் ஒரு சங்கம் கண்டனர். கிழக்கிந்தியக் கடலோடிகள் சங்கம் என்று அதற்குப் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியை நினைத்து வாசகர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம். இது நாடு பிடிக்க எழுந்த கூட்டமன்று. நன்னம்பிக்கை முனையையோ தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையையோ கடந்து சென்று மீண்ட கப்பல் தலைவர்களும் சரக்குப் பொறுப்பாளர்களுமே அதில் அங்கத்தினராகலாம். பணம் படைத்தவன் என்பதற்காகவோ குலத்திற் பெரியவன் என்பதற்காகவோ ஒருவனுக்கு இடமில்லை. கடலை அளந்தவனுக்கே இடம்.

சங்கத்தின் நோக்கங்கள் மூன்று. இறந்துபோன அங்கத்தினரின் மனைவி மக்களுக்கு உதவி செய்வது ஒன்று. கப்பலோட்டும் கலைக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டுவது இரண்டாவது. முனைகளுக்கு அப்பாலுள்ள தேசங்களிலிருந்து இயற்கைப் பொருள்களையும் மனிதர் செய்த பொருள்களையும் சேர்த்துக் காட்சிசாலை அமைப்பது மூன்றாவது. இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விதவைகள், விஞ்ஞானம், வேடிக்கை என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ் நின்றன. ஊரின் துயரத்திற்கும் ஊரின் அறிவுக்கும் ஊரின் ஆனந்தத்திற்கும் ஒரே ஸ்தாபனம் பொறுப்பேற்றது.

இரண்டாவது நோக்கத்தை அவர்கள் நிறைவேற்றிய முறை மிகவும் போற்றத்தக்கது. யாத்திரைக்குப் புறப்படும் அங்கத்தினருக்குச் சங்கம் ஒரு வெற்று ஏடு கொடுக்கும். காற்று, நீரோட்டம், பாறை, மணல்திட்டு, துறைமுகம், அங்குள்ள வியாபார வழக்கம் ஆகியவற்றை அதில் எழுதி, ஊர் திரும்பியதும் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த ஏடுகளைப் பார்வையிட ஒரு பரிசோதகர் இருந்தார். பின்னர் அவை பெருந் தொகுதிகளாகக் கட்டப்பட்டன. 1821-இல் சங்கம் வெளியிட்ட புத்தகத்தில் காட்சிப் பொருள்களின் ஜாபிதாவோடு இந்த ஏடுகளின் ஜாபிதாவும் அச்சாயிற்று. வியாபாரப் போட்டி மிகுந்த காலம் அது. மிளகு கிடைக்கும் துறையை அண்டை வீட்டானுக்கும் சொல்லாமல் மறைத்தவர்கள் அந்த ஊரில் உண்டு. அவ்வாறிருந்தும், தான் பாறையில் மோதிக் கற்றதைப் பின்னால் வருகிறவன் மோதாமல் கற்கட்டும் என்ற எண்ணம் சுயநலத்தை வென்றது.

பரிசோதகராயிருந்தவர்களுள் ஒருவர் நதானியேல் பௌடிச். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கிய ஏழைச் சிறுவர். கப்பற் சாமான் கடையில் குமாஸ்தாவாயிருந்துகொண்டே கணிதம் கற்றவர். அக்காலத்தில் மாலுமிகள் வேதம்போல் நம்பிய ஆங்கிலக் கணித நூலொன்றில் ஆயிரக்கணக்கான பிழைகளைக் கண்டு திருத்தினார். அவர் எழுதிய கப்பலோட்டும் நூலைச் சங்கத்தின் குழு ஒன்று 1801-இல் பரிசீலித்து நற்சான்று அளித்தது. 1802-இல் நூல் வெளிவந்தது. பாய்மரம் போய், நீராவி வந்து, அதுவும் போன பின்னரும், அந்நூலைப் புதுப்பித்துப் புதுப்பித்து அமெரிக்க அரசாங்கமே வெளியிட்டு வருகிறது. இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஆராய்ச்சி என்பது அந்த ஊரில் பண்டிதரின் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பிழையான ஓர் எண் ஒரு கப்பலைக் கவிழ்க்கும். சரியான ஓர் எண் முப்பது தாய்மாரின் கண்ணீரைத் தடுக்கும்.

முன்வாசலும் திறந்தேயிருந்தது. 1825-இல் சங்கம் தனக்கென மண்டபம் கட்டித் திறந்தபோது ராஷ்டிரபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸே வந்திருந்தார். கீழ்த்தட்டில் பாங்கியும் இன்ஷூரன்ஸ் காரியாலயமும் இருந்தன, மேல்தட்டில் காட்சிசாலை. கீழே வரும் வாடகை மேலேயிருந்த அறிவுக்குச் சோறு போட்டது. கல்கத்தா வணிகர்களின் ஆளுயரக் களிமண் பிரதிமைகளைப் பார்த்து, இந்தியாவில் இருப்பவர்களும் நம்மைப்போல் மனிதர்தாம் என்று ஸேலம் குழந்தைகள் தெரிந்துகொண்டார்கள். சங்கத்தார் வருஷந்தோறும் ஊர்வலம் போவதுண்டு. 1804-ஆம் ஆண்டு ஊர்வலத்தில் ஒரு பல்லக்கும் சென்றது. அதைத் தூக்கியவர்கள் இந்திய உடை தரித்த நீக்ரோக்கள். அந்தக் காட்சியில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. பல்லக்கு எந்த நாட்டில் ஏறினாலும் சுமப்பவன் மட்டும் மாறுவதில்லை.

பெயர் தெரியாத சென்னைவாசி

இனி நம் நாட்டவர் இவ்விஷயத்தில் ஏன் அக்கறை கொள்ள வேண்டும் என்பதற்கு வருகிறோம். ஸேலத்தில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் இருந்தார். ஊரில் நடப்பதையெல்லாம் நாள்தோறும் குறித்து வைக்கும் பழக்கமுள்ளவர். 1790-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதிக் குறிப்பில், சென்னையிலிருந்து வந்த ஓர் இந்தியரைத் தாம் முதன்முறையாகக் கண்டதாக எழுதியிருக்கிறார். மிகக் கறுத்த மேனி, நீண்ட கருங் கூந்தல், சாந்தமான முகம், உயரமும் அமைப்பும் பொருந்திய உடல் என்று வருணிக்கிறார். ஜிபோ என்ற கப்பல் தலைவரோடு வந்தவர் என்றும், ஐரோப்பாவையும் கண்டவர் என்றும் சொல்லுகிறார். அந்த மனிதருடைய திறமையை அறியத் தமக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். இவ்வளவுதான். பெயர் இல்லை.

அமெரிக்க மண்ணில் காலடி வைத்ததாக எழுத்தில் நிற்கும் முதல் இந்தியர்களுள் ஒருவர் இவர். சென்னைக் கடற்கரையில் அலையேறிய ஒருவர், பனி உறையும் டிசம்பர் மாதத்தில் அந்நியத் தெருவில் நடந்தார். எந்தக் குப்பத்தில் பிறந்தவர்? எந்தப் பாஷையில் அம்மாவை அழைத்தவர்? திரும்பி வந்தாரா? இவற்றைத் தேட விரும்புகிறவன் எங்கே போவான்? அந்த ஊரின் கப்பல் ஏடுகளையும், கணக்குப் புத்தகங்களையும், கடிதக் கட்டுகளையும்தான் புரட்ட வேண்டும். ஸேலத்துக் கடலோடிகளின் ஏடு அவ்வூராரின் சொத்து என்பது மெய்யே. அதன் பக்கங்களில் ஆசியாவின் கடற்கரைகளெல்லாம் குடியிருக்கின்றன. நம் முன்னோர்கள் தங்கள் கையால் எழுதி வைக்காததைப் பிறன் எழுதி வைத்திருக்கிறான். அந்த ஏடு திறந்திருப்பதில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு.

வேறொரு காரணமும் உண்டு. 1831-இல் ஸேலத்து 'பிரெண்ட்ஷிப்' என்னும் மிளகுக் கப்பலைச் சுமத்திராவில் குவாலா பாத்து என்ற துறையில் அவ்வூரார் தாக்கினர். கப்பலாட்களில் சிலர் மாண்டனர். சிநேகம் என்று பெயர் கொண்ட கப்பலுக்கு நேர்ந்த கதி இது. மறு வருஷம் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று சென்று அந்த ஊரைத் தாக்கித் தீக்கிரையாக்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர் மடிந்தனர் என்பர். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சுமத்திராக் கத்தி இந்தக் கதையைச் சொல்லாது. விலை பேசுவதிலும் நிறுப்பதிலும் இரு தரத்தாரும் செய்த வஞ்சகங்களை வியாபாரிகளின் கடிதங்களும் ஏடுகளுமே சொல்லும். காட்சிப் பொருள் வியப்பைத் தரும். ஏடுதான் நியாயத்தைத் தரும். ஏட்டு வாசலை அடைப்பவன், தெரிந்தோ தெரியாமலோ, வென்றவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

ஏடுகள் ஊரை விட்டுப் போன கதை

ஸேலத்தின் கடல் வியாபாரம் வெகுகாலம் நிற்கவில்லை. துறைமுகம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயின. சங்கம் மெலிந்தது. 1867-இல் ஜார்ஜ் பீபாடி என்ற செல்வர் 1,40,000 டாலர் தருமம் செய்தார். தருமகர்த்தர்கள் மண்டபத்தையும் பொருள்களையும் வாங்கிக் காத்தனர். அதே தெருவில் 1848-இல் உருவான எஸ்ஸெக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற மற்றொரு ஸ்தாபனம், ஊராரின் குடும்பக் கடிதங்களையும் கணக்குகளையும் சேர்த்து வந்தது. பென்ட்லி பாதிரியாரின் நாட்குறிப்பை 1905 முதல் 1914 வரை நான்கு பாகங்களாக அச்சிட்டதும் இந்த இன்ஸ்டிடியூட்தான். அதனாலேயே, கடல் கடந்து இருக்கும் நாம் அந்தச் சென்னைவாசியை அறிந்தோம். பூட்டி வைத்திருந்தால் அவர் இரண்டாம் முறையும் மறைந்திருப்பார்.

1992-இல் இரு ஸ்தாபனங்களும் ஒன்றாயின. பீபாடி எஸ்ஸெக்ஸ் மியூஸியம் என்று பெயர் பெற்றன. அன்று முதல் அது மளமளவென்று வளர்ந்தது. கலைப் பொருள்களுக்கான பெரிய மியூஸியங்களின் வரிசையில் சேர்ந்தது. 65 கோடி டாலர் திரட்டுவதற்கு ஒரு முயற்சி தொடங்கிற்று. 2019-இல் புதிய கட்டடப் பகுதி திறந்தது. முன்வாசல் அகன்றது. ஏட்டு வாசலுக்கு என்ன நேர்ந்தது?

ஏடுகள் இருந்தது பிலிப்ஸ் நூல்நிலையத்தில். பழுது பார்ப்பதற்கென்று 2011-இல் அதன் ஏடுகள் வேறோர் ஊருக்குத் தற்காலிகமாகக் கொண்டு போகப்பட்டன. திரும்பி வரும் என்று ஊரார் காத்திருந்தனர். இனி அவை ஸேலத்துக்குத் திரும்ப மாட்டா என்பது 2017 டிசம்பரில் தெரிய வந்தது. சாலை வழியே 15 மைலுக்கு மேற்பட்ட ரௌலி என்ற சிற்றூரில், முன்பு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குரியதாயிருந்த ஒரு கட்டடத்தில் அவை குடியேறின. 2018-இல் அங்கே வாசகசாலை திறந்தது. ஸேலம் ஜனங்கள் கூட்டம் கூடினர். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். எங்கள் முன்னோர் இந்த ஊருக்கென்று கொடுத்ததை ஊர் கடத்துவதா என்று கேட்டனர். ஏடுகள் திரும்பவில்லை.

இரு தரப்பு வாதம்

வக்கீல் தொழில் செய்தவனுக்கு இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற பழக்கம் எளிதில் போகாது. மியூஸியத்தார் சொல்வதை முதலில் கேட்போம். பழைய நூல்நிலையக் கட்டடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை. இவ்வளவு காகிதத்தின் பாரத்தையும், அதற்கு வேண்டிய சீரான குளிரையும் ஈரப்பதத்தையும் அவை தாங்க மாட்டா. ரௌலியில் எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாயிருக்கின்றன. வாசகசாலைக்குக் கட்டணமில்லை, வருகிறவர் எவரும் வரலாம். பல ஏடுகளைப் படம் பிடித்து இணையத்திலும் ஏற்றி வருகிறார்கள். இந்த வாதங்களை நாம் அற்பமென்று தள்ளவில்லை. செல்லரித்த ஏட்டின் மேல் எந்த உரிமையும் கொண்டாட முடியாது.

ஆயினும் இவ்வாதங்கள் கேள்வியின் பாதிக்கே விடை. காகிதம் பிழைத்தது, ஊருக்கும் காகிதத்துக்கும் இருந்த உறவு பிழைத்ததா? பள்ளிக்கூடம் விட்டுப் போகும் மாணவன், தன் தெருவின் பெயர் எப்படி வந்ததென்று கேட்டு உள்ளே நுழைந்து போகும் சுதந்திரம் ஒன்று. ஒரு நாளை ஒதுக்கி, வண்டி அமர்த்தி வேற்றூர் போய்ப் பார்ப்பது வேறொன்று. பண்டிதன் எப்படியும் போவான். கடல் கடந்தும் வருவான். பாமரனே போகமாட்டான். ஆராய்ச்சி பண்டிதனுக்கு, வேடிக்கை பாமரனுக்கு என்று பிரித்துவிட்டால், மாலுமிகள் 1799-இல் சேர்த்து வைத்ததை நாம் அறுத்தவர்களாவோம். பௌடிச் பத்து வயதில் பள்ளியை விட்டவர் என்பதை மறக்கலாகாது. அவர் போன்ற சிறுவனுக்கு நூல்நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு பரிதாபமும் உண்டு. 1692-இல் நடந்த சூனியக்காரி வழக்குகளின் கதையைக் கேட்கவே இன்று வெளியூரார் திரள் திரளாக ஸேலத்துக்கு வருகிறார்கள். சூனியத் தொப்பி விற்கும் கடைகளுக்குத் தெருவில் குறைவில்லை. உலகத்தை அளந்த அவ்வூரின் ஏடுகள் மட்டும் ஊரில் இல்லை.

முறையில் மற்றொரு குற்றமும் காண்கிறோம். முடிவை எடுத்துவிட்டுப் பின்னர் ஊராருக்குத் தெரிவிப்பது ஒரு முதலாளி செய்யக்கூடியது, தருமகர்த்தர் செய்யக்கூடியதன்று. தருமச் சொத்தை நிர்வகிப்பவன் அதன் சொந்தக்காரன் அல்லன். கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான், யாருக்காகக் கொடுத்தான் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவன் என்றும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

இணையம் இருக்க இடம் எதற்கு என்பார் சிலர். இணையத்தின் பயனை நாம் பெரிதும் மதிக்கிறோம். கனெக்டிகட் ராஜ்யத்தில் மிஸ்டிக் என்ற ஊரில் ஒரு வக்கீலும், ஒரு டாக்டரும், ஓர் ஆலை முதலாளியும் 1929-இல் தொடங்கிய கடற் காட்சிசாலை இதற்கு நல்ல உதாரணம். 1841-இல் கட்டிய 'சார்ல்ஸ் மார்கன்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை அங்கே காத்து வருகிறார்கள். குழந்தைகள் அதன் மேல்தளத்தில் ஏறி ஓடலாம். 2014-இல் அதைச் செப்பனிட்டுக் கடலிலும் மீண்டும் செலுத்தினார்கள். அவர்களே நியூ லண்டன் துறைமுகத்தின் 1803 முதல் 1878 வரையுள்ள கப்பலாட் பட்டியல்களை எவரும் எங்கிருந்தும் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பெயர், வயது, உயரம், மேனி நிறம், ஊர் எல்லாம் அவற்றில் உண்டு. தலைவர்களின் சித்திரம் எங்கும் தொங்கும். கயிறு இழுத்தவனின் பெயர் இத்தகைய பட்டியலில்தான் இருக்கும். திமிங்கில வேட்டைக்காரர் நாள்தோறும் குறித்த காற்றின் போக்கைப் பழைய கப்பல் ஏடுகளிலிருந்து எடுத்து, வுட்ஸ் ஹோல் சமுத்திர ஆராய்ச்சி நிலையத்தார் இன்றைய பருவ மாறுதலை ஆராய்கிறார்கள். எழுதியவன் கனவிலும் நினையாத கேள்விக்கு அவன் ஏடு விடை சொல்லுகிறது. ஆகவே, எது பயன்படும் எது பயன்படாது என்று நிர்வாகிகள் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது.

ஆனால் படமெடுத்து ஏற்றுவதையும் ஒருவர் தேர்ந்தெடுத்தே செய்ய வேண்டும். தேர்ந்தெடாதது இருட்டில் கிடக்கும். எதைக் கேட்பது என்று அறியாதவனுக்கு வழி சொல்ல, ஏட்டின் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். இணையம் தூரத்திலிருப்பவனுக்குக் கிடைத்த வரம். பக்கத்திலிருப்பவனைத் துரத்துவதற்கு அது சாக்காகலாகாது.

நமது முடிவு

ஊராரின் கொடையால் எழுந்த எந்தக் காட்சிசாலைக்கும் நான்கு விதிகள் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதலாவது, தன்னிடம் உள்ள ஏடுகள் எவையென்று முழு ஜாபிதாவை அச்சிட்டும் இணையத்தில் ஏற்றியும் வெளியிட வேண்டும். 1821-இல் மாலுமிகள் செய்ததை இன்று செய்ய முடியாதென்று எவரும் சொல்ல முடியாது. இரண்டாவது, பத்திரத்தின் பொருட்டு மூல ஏட்டை வேறிடத்தில் வைக்க நேர்ந்தாலும், ஊருக்குள்ளேயே ஒரு வாசகசாலையும், கேட்டதை வரவழைத்துக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். மூன்றாவது, ஏடுகளை இடம் மாற்றுவதற்கு முன் ஊராரைக் கூட்டிக் கேட்க வேண்டும், பின்னர் அன்று. நான்காவது, ஏட்டில் பெயர் வரும் அயல்நாட்டு ஜனங்களும் அதன் வாரிசுகளே என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும்.

இவ்விதிகளைப் பிறருக்குச் சொல்லும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் விட்டவர்களும், தோணி செலுத்தியவர்களும், முத்துக் குளித்தவர்களும் பிறந்த கடற்கரை நம்முடையது. அந்தக் குடும்பங்களின் பரணில் பழைய கணக்கோ கடிதமோ கிடந்தால், அதை எடைக்குப் போடுமுன் ஒரு கணம் நின்று யோசிப்பது நம் வாசகர்களின் கடமை. ஏடு இருக்கும் ஜனங்களின் சரித்திரத்தை அவர்களே எழுதுவார்கள். ஏடு இல்லாத ஜனங்களைப் பற்றிப் பிறர் எழுதுவார்கள், பெயரில்லாமல்.

1790-இல் ஸேலம் தெருவில் நடந்த அந்தச் சென்னைவாசிக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் தாய் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருப்பாள். என்றாவது ஒரு நாள், எங்கோ ஓர் ஏட்டைப் புரட்டும் ஒரு மாணவன் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கலாம். அந்த நாள் வரையில் ஏடும் இருக்க வேண்டும்; வாசலும் திறந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் அந்தக் காலேஜ் உயிர்க் காலேஜ்.